ஆல் சீசன் டயரோடு முதல் குளிர்காலம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பனியே விழாத ஊரில் கார் ஓட்டப் பழகியவன் நான். முதல் குளிர்காலம் நெருங்கியபோது என் கவலையெல்லாம் கார் காலையில் கிளம்புமா, ஹீட்டர் வேலை செய்யுமா என்பதுதான். டயர் நினைவுக்கே வரவில்லை. பழைய கார் வாங்கிய இடத்தில், "ஆல் சீசன் டயர்தான் போட்டிருக்கு, வருஷம் பூரா ஓட்டலாம்" என்றார்கள். பேரே அப்படித்தானே இருக்கிறது, நம்பிவிட்டேன்.

முதல் பனி நாளில் கார் நன்றாகத்தான் கிளம்பியது. முனையில் திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும் எனக்கே ஒரு தெனாவெட்டு வந்துவிட்டது. அப்புறம் சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். காலடியில் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு) தடதடவென்று அதிர்ந்தது, கார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கோட்டைத் தாண்டி, குறுக்குச் சாலையின் நடுவில் போய்த்தான் நின்றது. அந்த நேரத்தில் குறுக்கே யாரும் வரவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு எதை முதலில் செய்வது என்று தெரியாமல் அலைந்தேன். கடைகளில் இடம் கிடைக்கவில்லை, ஒரு முறை தப்பான அளவு டயருக்கு முன்பணம் கட்டினேன். நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ, அதே வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன்.

1. டயரின் ஓரத்தில் இருப்பதைப் படியுங்கள்

யாரிடமும் கேட்பதற்கு முன் நீங்களே குனிந்து பாருங்கள். ஒரு டார்ச்சும் பழைய துணியும் போதும். நான்கு டயரையும் பாருங்கள். பழைய காரில் நான்கும் ஒரே ரகமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். என் காரில் முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறொன்று.

தேட வேண்டியவை இரண்டு அடையாளங்கள். முதலாவது 'எம் பிளஸ் எஸ்' (M+S) என்ற எழுத்துகள். சேறு, பனி என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து அது. இதைப் பொறிக்க டயர் எந்தப் பனியிலும் ஓடிக் காட்ட வேண்டியதில்லை. பட்டன்களுக்கு, அதாவது டயரின் மேற்பரப்பில் துருத்தியிருக்கும் ரப்பர் கட்டிகளுக்கு, நடுவில் போதிய இடைவெளியும் பள்ளமும் இருக்கின்றன என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஒரு படம்: மூன்று சிகரங்கள் உள்ள மலை, அதற்குள்ளே ஒரு பனிப்பூ. இதற்குச் சோதனை உண்டு. வட அமெரிக்க முறையில், அமுங்கிய பனியில் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இழுக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சோதனை அளப்பது இழுவையை மட்டும்தான். பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும், வளைவில் வழுக்குமா என்பதெல்லாம் அதில் வராது. ஐஸ் வரவே வராது. ஐரோப்பாவில் டயரோடு வரும் லேபிளில் 2021 முதல் ஐஸ் பிடிப்புக்குத் தனிப் படம் இருக்கிறது. அதையும் தேடிப் பாருங்கள்.

சரி, இதை வைத்துப் பிரித்தால் மூன்று ரகம். எம் பிளஸ் எஸ் மட்டும் உள்ள சாதாரண ஆல் சீசன். வருஷம் முழுக்க ஓட்டக்கூடிய, ஆனால் மலைப் படமும் உள்ள டயர். வட அமெரிக்கக் கடைகளில் இதை 'ஆல் வெதர்' என்பார்கள். கடைசியாக, குளிருக்கென்றே செய்த வின்டர் டயர். ஐரோப்பாவில் ஆல் சீசன் என்று விற்பதில் பெரும்பாலும் மலைப் படம் இருக்கும், வட அமெரிக்காவில் அதே பெயரில் விற்பதில் பல சமயம் இருக்காது. அதனால் பெயரை விட்டுவிடுங்கள், படத்தைப் பாருங்கள்.

2. உங்கள் குளிர்காலம் எந்த மாதிரி என்று முடிவு செய்யுங்கள்

நான் இந்தப் படியைத் தாண்டிப் போனதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். "குளிர்காலத்துக்கு எந்த டயர் நல்லது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஈரச் சாலை, பனி, பனிக்கூழ், ஐஸ் என்று நான்கு விதமான தரை இருக்கிறது. ஒன்றில் கெட்டிக்காரனாக இருக்கும் டயர் இன்னொன்றில் அசடு.

குளிர்ந்த ஈரச் சாலை: ஆல் சீசன் டயருக்குப் பழக்கமான இடம் இதுதான். பள்ளங்கள் ஆழமாக இருந்தால் தண்ணீரை வாரி வெளியே தள்ளிவிடும், ரப்பர் சாலையைத் தொடும். பள்ளம் தேய்ந்திருந்தாலோ, வேகம் கூடினாலோ தண்ணீர் வெளியேற நேரம் இருக்காது. டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்க ஆரம்பிக்கும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். அப்போது பிரேக்கில் ஏறி மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஐஸுக்கென்று செய்த மென்மையான வின்டர் டயர், பனி இல்லாத மிதமான ஈரச் சாலையில் நல்ல ஆல் சீசனைவிட அதிக தூரம் போய்த்தான் நிற்கும். ஆகவே மழையும் குளிரும் மட்டுமே உள்ள இடத்தில் இருப்பவர் வின்டர் டயருக்கு ஓட வேண்டியதில்லை.

பனி: இங்கே கதை மாறுகிறது. பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும், கையில் உருட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வின்டர் டயரின் பட்டன்களில் கத்தியால் கீறியது போல நிறைய மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவை விரிந்து பனியைக் கவ்வும், பள்ளங்களில் அடைந்த பனி தரைப் பனியைப் பிடிக்கும். ஆல் சீசனில் இந்த வெட்டுகள் குறைவு. அதோடு ரப்பர் விஷயமும் இருக்கிறது. வெயிலில் தேயாமல் இருக்க ஆல் சீசனில் கொஞ்சம் கெட்டியான கலவை போடுவார்கள். குளிரக் குளிர அது விறைத்துக்கொண்டே போகும். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மாற்றுங்கள் என்று எல்லாரும் சொல்வது ஒரு கைக்கணக்கு. அந்த எண்ணில் ரப்பர் ஒரே அடியாக மாறிவிடுவதில்லை, ஆனால் நாள் குறிக்க வசதியான கணக்குத்தான்.

பனிக்கூழ்: பாதி உருகிய பனி, கரும்புச் சக்கை மாதிரி ஈரமாகக் குவிந்து கிடக்கும். தண்ணீரைவிட இதை வெளியே தள்ளுவது கடினம். தடம் மாறும்போது நடுவில் இருக்கும் கூழ் வரப்பில் ஒரு சக்கரம் ஏறினாலே கார் ஒரு பக்கம் இழுக்கும். தேய்ந்த ஆல் சீசன் முதலில் காலை வாரும் இடம் இது.

ஐஸ்: இதில் எந்த டயரும் அதிசயம் செய்யாது. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய ஐஸ்தான் மிக மோசம், மேலே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால். மைனஸ் 15-இல் உள்ள காய்ந்த ஐஸில் அதைவிடக் கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும். பாலங்களின் மேலும், வெயில் படாத வளைவுகளிலும் மற்ற இடத்துக்கு முன்பே ஐஸ் கட்டிவிடும். காலையில் அடிக்கடி ஐஸ் இருக்கும் சாலையில் வேலைக்குப் போகிறீர்களா? ஆல் சீசன், ஆல் வெதர் பேச்சை விடுங்கள், வின்டர் டயர்தான்.

என் தீர்ப்பு இது. ஈரமும், வருஷத்தில் சில நாள் பனியும், அன்றைக்கு வீட்டில் இருந்துகொள்ளும் வசதியும் இருந்தால் மலைப் படம் உள்ள ஆல் வெதர் போதும். பனி வாரக்கணக்கில் தங்கும் இடமென்றால் வின்டர் டயர். எம் பிளஸ் எஸ் மட்டும் உள்ள, பாதி தேய்ந்த டயரைப் பனியில் ஓட்டாதீர்கள்.

பலர் விழும் பள்ளம் ஒன்று: "என் கார் நாலு சக்கரமும் இழுக்கும், எனக்கென்ன?" நான்கு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும். பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நிற்பது டயரின் வேலை. நன்றாகக் கிளம்புகிறதே என்று வேகமும் கூடிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்கு.

3. பள்ளத்தையும் வயதையும் அளந்து பாருங்கள்

புதிய டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். இந்த எண் உங்களை ஏமாற்றும். வெயில் காலத்தில் சரி, பனியில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே ஆல் சீசன் டயரிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது. பள்ளம் அளக்கும் சின்னக் கருவி மலிவுதான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளங்கள். ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று, பார்க்க வேண்டும். பார்க்காமல் புது டயர் போட்டால் அதையும் அது தின்றுவிடும்.

வயதைக் கண்டுபிடிக்க, டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஒரு பக்கம் எண் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். பட்டன் நிறைய இருந்தும் ரப்பர் முதுமையில் விறைத்துப்போன டயர்கள் உண்டு. பழைய டயர் விற்கிறவர்கள் பட்டனைத்தான் காட்டுவார்கள், எண்ணைக் காட்ட மாட்டார்கள்.

4. சட்டத்தையும் காப்பீட்டையும் விசாரியுங்கள்

ஒரே டயர் ஓர் இடத்தில் சட்டப்படி சரி, பக்கத்து இடத்தில் தப்பு. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைப் படம் உள்ள டயர் கட்டாயம். அதே நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், அறிவிப்புப் பலகை வைத்த மலைச் சாலைகளில் அக்டோபர் 1-இலிருந்து விதி தொடங்குகிறது. ஆனால் எம் பிளஸ் எஸ் டயரையும் ஏற்கிறார்கள், பள்ளம் 3.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஜெர்மனியில் தேதி எதுவும் இல்லை, சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் ஏற்ற டயர் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் மலைப் படம் இல்லாத டயரை அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த பள்ளம் உள்ள டயரைக் குளிர்கால டயர் என்றே கணக்கில் எடுக்க மாட்டார்கள். எல்லை தாண்டி வண்டி ஓட்டுகிறவர்கள் போகும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாடகைக் கார் எடுத்தால் சாவி வாங்கும் முன் டயரைப் பாருங்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வின்டர் டயருக்குத் தள்ளுபடி உண்டா? மலைப் படம் உள்ள ஆல் வெதரை அதற்கு ஏற்பீர்களா? கனடாவின் ஒன்டாரியோவில் 2016 முதல் நிறுவனங்கள் இந்தத் தள்ளுபடியைத் தந்தே ஆக வேண்டும், ஆனால் நாமாகக் கேட்டால்தான் கிடைக்கிறது. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் "ஆமாம்" என்று சொன்னவர் பிறகு அந்த இருக்கையில் இருக்க மாட்டார்.

5. காகிதங்களை ஒரே இடத்தில் வையுங்கள்

கடைக்குப் போகும் முன்: ஓட்டுநர் கதவின் உள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவு சொல்லாதீர்கள். முந்தைய சொந்தக்காரர் தப்பானதை மாட்டியிருக்கலாம். நான் முன்பணம் இழந்தது இப்படித்தான். கார் கையேட்டில் குளிர்காலத்துக்கு வேறு ரிம் அளவு அனுமதித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வாங்கிய பிறகு: டயரின் முழுப் பெயர், அளவு, தயாரிப்பு வார எண்கள், மாட்டிய தேதி, காரின் கிலோமீட்டர் இவை எல்லாம் உள்ள ரசீது. ஆல் வெதர் டயருக்கு இத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்று உத்தரவாதம் தந்தால், டயர்களை இடம் மாற்றிப் போட்டதற்கான ரசீதுகளையும் கேட்பார்கள். அது இல்லையென்றால் உத்தரவாதம் வெறும் காகிதம்.

6. செலவைக் கூட்டிப் பாருங்கள்

வின்டர் டயர் இரட்டைச் செலவு என்று நானும் நினைத்தேன். ஒரு செட் ஓடும்போது மற்றது ஓய்வில் இருக்கிறது, ஆகவே இரண்டும் அதிக வருஷம் வரும். உண்மையான கூடுதல் செலவு வேறு இடங்களில் இருக்கிறது: இரண்டாவது செட் ரிம், அதற்குக் காற்றழுத்த சென்சார், வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றும் கூலி, வீட்டில் இடம் இல்லையென்றால் டயர் வைக்க வாடகை.

ரிம் வாங்காமல் அதே ரிம்மில் டயரைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு தடவையும் கூலி அதிகம், பேலன்சிங்கும் (சக்கரம் அதிராமல் சுழல எடையைச் சமன் செய்வது) சேரும், டயரின் விளிம்பும் அடி வாங்கும். மூன்று நான்கு குளிர்காலம் அதே காரை ஓட்டப்போகிறீர்கள் என்றால் ரிம்மோடு வாங்குவது பெரும்பாலும் லாபம். ஒரு வருஷத்தில் காரை விற்றுவிடுவேன் என்பவருக்கு ஆல் வெதர் நல்லது.

விலை கேட்கும்போது மாட்டும் கூலி, பேலன்சிங், வால்வு, பழைய டயரை அப்புறப்படுத்தும் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். டயர் விலையை மட்டும் சொல்லி அழைக்கும் கடையில் கடைசிச் சீட்டைப் பார்த்தால் திகைப்பீர்கள்.

மிச்சம் பிடிக்க இரண்டே இரண்டு வின்டர் டயர் போடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். முன்னால் மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டீயரிங் திருப்பியும் கார் நேராகப் போகும். நான்கும் ஒரே ரகம், அதில் பேச்சே இல்லை.

7. நேரம் தவறாதீர்கள்

முதல் பனி விழுந்த மறுநாள் காலை ஊரே டயர் கடை வாசலில் நிற்கும். நான் போனதும் அன்றைக்குத்தான். பனி வழக்கமாகத் தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டயரைத் தேர்ந்து, மாட்டும் தேதியையும் பதிவு செய்யுங்கள். பலரும் தேடும் அளவுகள் முதலில் தீர்ந்துபோகும். அப்புறம் கடையில் மிச்சம் இருப்பதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

மாட்டும் நாளை, காலை நேர வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கும் வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் கழற்றும்போது அவசரம் வேண்டாம், இரண்டு நாள் வெயிலை நம்பிக் கழற்றி மூன்றாம் நாள் பனியில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காகக் கோடை முழுக்க வின்டர் டயரிலேயே ஓட்டிவிடாதீர்கள். சூட்டில் மளமளவென்று தேயும், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமும் நீளும்.

8. கடையில் நின்று சரிபாருங்கள்

ரசீதில் உள்ள அளவும் டயரில் உள்ள அளவும் ஒன்றா? 205/55 ஆர் 16 91 வி என்று இருந்தால், 91 என்பது சுமைக் குறியீடு. அது கார் கேட்பதைவிடக் குறையக் கூடாது. கடைசி எழுத்து வேகக் குறியீடு. குளிர்கால டயரில் அது சற்றுக் குறைவாக இருக்க ஐரோப்பாவில் அனுமதி உண்டு, ஓட்டுநர் கண்ணில் படும்படி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால், கார் முன்னால் போகும்போது சக்கரம் உருளும் பக்கமாக அம்பு இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டுவது நடக்காத காரியம் இல்லை.

அமெரிக்காவில் விற்கும் டயரின் ஓரத்தில் ஈரப் பிடிப்புக்கு ஏஏ, ஏ, பி, சி என்று தரம் பொறித்திருக்கும். ஈரச் சாலையில் நேராக பிரேக் பிடித்துப் பார்த்த தரம் அது. "ஏஏ டயர், பனியிலும் நிற்கும்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பனிக்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை.

9. மாட்டிய பிறகு

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி சரியான இறுக்கத்துக்கு முடுக்கச் சொல்லுங்கள். பல கடைகளில் காசு கேட்க மாட்டார்கள். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள்.

காற்று: வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் டயர் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும். இலையுதிர்காலத்தில் சரியாக நிரப்பிய டயர் கடுங்குளிரில் நாலைந்து பி.எஸ்.ஐ. குறைந்து நிற்கும். மாதம் ஒரு தடவை, கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது, கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். பனியில் பிடிப்பு வேண்டும் என்று காற்றை இறக்கிவிடச் சொல்லும் அறிவுரை பனிச் சாலைக்குப் பொருந்தாது. ஸ்டெப்னியையும் அன்றைக்கே பாருங்கள்.

முதல் பனி நாளில் ஆள் இல்லாத, அனுமதி உள்ள காலி பார்க்கிங் இடத்துக்குப் போய், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுசாக மிதித்துப் பாருங்கள். ஏ.பி.எஸ். அதிரும்போது காலை எடுக்காமல் பழகுங்கள். எத்தனை கார் நீளம் ஓடி நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதையே 30-இல் செய்யுங்கள். நான் புது டயரோடு இதைச் செய்தபோது, முன் காருக்குப் பின்னால் அதுவரை விட்டுவந்த இடைவெளி பாதிகூடப் போதாது என்று தெரிந்தது.

கழற்றிய டயர்களில் சாக்பீஸால் 'முன் இடது', 'பின் வலது' என்று எழுதி, கழுவிக் காயவைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ரிம் இல்லாத டயரை நிறுத்தி வைத்து, மாதம் ஒரு முறை கொஞ்சம் உருட்டிவிடுங்கள்.